கிரான் பணிகளில் கோப்புப் பாதைச் சிக்கல்கள்

கிரான் பணிகளில் கோப்புப் பாதைச் சிக்கல்கள் என்பவை, யூனிக்ஸ் மற்றும் அதனை ஒத்த இயங்குதளங்களில் குறித்த நேரத்தில் தாமாக இயங்குமாறு அமைக்கப்பட்ட ஆணைத்தொடர்கள், தமக்குத் தேவையான கோப்பையோ அடைவையோ கட்டளையையோ கண்டடைய இயலாமல் தவறுவதைக் குறிக்கும். ஸ்கிரிப்ட் எனப்படும் ஆணைத்தொடர் ஒன்றைப் பயனர் முனையத்தில் தாமே இயக்கும்போது அது பிழையின்றி இயங்குவதும், அதனையே இரவில் கிரான் இயக்கும்போது தவறுவதும் இச்சிக்கலின் பொதுவான அடையாளம் ஆகும். பெரும்பாலும் ஆணைத்தொடரின் உள்ளடக்கத்தில் பிழை இருப்பதில்லை. அதனை எழுதியவர் தம் முனையச் சூழலில் இயல்பாகக் கிடைத்த சிலவற்றை எங்கும் கிடைக்கும் எனக் கருதியதே காரணமாக அமைகிறது.

குறித்த நேரப் பணிகள் இயங்கும்போது திரையின் முன் எவரும் இருப்பதில்லை. ஆகவே பிழைச்செய்தி தோன்றினாலும் அதனைக் காண ஆள் இல்லை. காப்புநகல் எடுத்தல், தரவு திரட்டல், பழைய கோப்புகளை நீக்குதல் போன்ற பணிகள் பெரும்பாலும் இம்முறையில் இயங்குவதால், பாதையில் நேரும் சிறு பிழை பல மாதங்கள் அறியப்படாமல் இருந்து, தரவு தேவைப்படும் நாளில் இழப்பாக வெளிப்படக்கூடும்.

இக்கட்டுரையில் இயங்குதளத்தின் அடைவுப் பெயர்களும் கட்டளைகளும் அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் இடும்போது அவற்றை உரிய ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் தமிழ் அடைவுப் பெயர்களை உள்ளவாறே பயன்படுத்தலாம்.

வரலாறு

கிரான் என்னும் பெயர் காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்சின் 7 ஆம் பதிப்பில் (1979) கிரான் இடம்பெற்றிருந்தது. அப்போது கணினி முழுவதற்கும் ஒரே அட்டவணையே இருந்தது. சூழல் மாறிகளும், கட்டளைகளைத் தேடவேண்டிய அடைவுகளைப் பட்டியலிடும் பாத் என்னும் மாறியும் அதே பதிப்பில் வந்த போர்ன் ஷெல்லுடன் பரவலாயின. பின்னர் ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனி அட்டவணை வைத்துக்கொள்ளும் வசதி ஏற்பட்டது. 1987 இல் பால் விக்சி எழுதி வெளியிட்ட கிரான், லினக்ஸ் வழங்கல்களிலும் பி.எஸ்.டி. வகை இயங்குதளங்களிலும் பரவியது. இன்று டெபியன் வழி வந்த வழங்கல்களில் அதன் வழித்தோன்றலும், ரெட் ஹாட் வழி வந்தவற்றில் அதிலிருந்து கிளைத்த கிரானியும் பயன்படுகின்றன. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் சிஸ்டம்டியின் நேரமானிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

தமிழ்நாட்டில் இத்தகைய கணினிகள் மாணவர் பலருக்கு அறிமுகமானவை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை உருவாக்கியது. 2011 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது.

பாதை

யூனிக்ஸ் இயங்குதளத்தில் எல்லாக் கோப்புகளும் வேர் அடைவு எனப்படும் ஒரே அடைவின் கீழ் மரம்போல் அமைந்துள்ளன. வேர் அடைவு ஒற்றைச் சாய்கோட்டால் குறிக்கப்படும். ஒரு கோப்பின் இடத்தைச் சொல்லும் தொடரே பாதை ஆகும். இது இரு வகைப்படும்.

* முழுப் பாதை: சாய்கோட்டில் தொடங்கும். வேர் அடைவிலிருந்து கோப்பு வரை உள்ள எல்லா அடைவுகளையும் சொல்லும். எங்கிருந்து அழைத்தாலும் ஒரே இடத்தையே குறிக்கும்.
* சார்புப் பாதை: சாய்கோட்டில் தொடங்காது. நிரல் அப்போது இருக்கும் அடைவிலிருந்து கணக்கிடப்படும். அந்த அடைவு நடப்பு அடைவு எனப்படும்.

முழுப் பாதை ஊர், தெரு, கதவெண் அடங்கிய முகவரி போன்றது. சார்புப் பாதை "இங்கிருந்து இடப்பக்கம் மூன்றாவது வீடு" என்று வழி சொல்வது போன்றது. கேட்பவர் நிற்கும் இடம் மாறினால் அவர் வேறு வீட்டிற்குச் சென்றுவிடுவார்.

எடுத்துக்காட்டு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மழைப்பதிவுகளை ஆய்வுக்காகத் திரட்டும் மாணவர் ஒருவரின் கணினியைக் கற்பனையாகக் கொள்வோம். அதில் பதிவுகள் பின்வருமாறு வைக்கப்பட்டுள்ளன.

/தரவு/மழை/பெரம்பலூர்/வேப்பந்தட்டை
/தரவு/மழை/பெரம்பலூர்/குன்னம்
/தரவு/மழை/அரியலூர்/செந்துறை
/தரவு/மழை/அரியலூர்/ஜெயங்கொண்டம்
/தரவு/மழை/அரியலூர்/கங்கைகொண்ட சோழபுரம்

இவற்றை நாள்தோறும் ஒரே அட்டவணையாகத் தொகுக்கும் ஆணைத்தொடர் "திரட்டு" என்னும் பெயரில் /தரவு/கருவிகள் என்னும் அடைவில் உள்ளது. அதனை அதிகாலை 2:30 மணிக்கு இயக்கக் கிரான் அட்டவணையில் இடவேண்டிய வரி இது:

30 2 * * * /தரவு/கருவிகள்/திரட்டு

முதல் ஐந்து புலங்கள் முறையே நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள் ஆகியவற்றைக் குறிக்கும். உடுக்குறி "எல்லாம்" எனப் பொருள்படும். ஆறாவதாக வருவது கட்டளை. கணினி முழுவதற்குமான பொது அட்டவணையில் மட்டும் கட்டளைக்கு முன் பயனர் பெயரும் வரவேண்டும். தம் சொந்த அட்டவணைக்குரிய வரியை அங்கு அப்படியே படியெடுத்தால், கட்டளையின் முதற்சொல் பயனர் பெயராகக் கொள்ளப்பட்டுப் பணி இயங்காது போகும்.

முனையச் சூழலும் கிரான் சூழலும்

பயனர் முனையத்தில் நுழையும்போது அவருடைய வீட்டு அடைவிலுள்ள தொடக்கக் கோப்புகள் படிக்கப்பட்டு, பல சூழல் மாறிகள் அமைக்கப்படுகின்றன. கிரான் இக்கோப்புகளைப் படிப்பதில்லை. அது தரும் சூழல் மிகச் சிறியது. விக்சி கிரானில் வழக்கமாக உள்ள நிலை வருமாறு:

* நடப்பு அடைவு: அட்டவணைக்குரிய பயனரின் வீட்டு அடைவு.
* ஷெல்: /பின்/எஸ்எச். பயனர் வழக்கமாகப் பயன்படுத்தும் பாஷ் முதலிய வேறு ஷெல் அழைக்கப்படுவதில்லை.
* பாத்: /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரு அடைவுகள் மட்டும்.
* மொழி அமைப்பு: பல கணினிகளில் அமைக்கப்படாமல் இருக்கும்.
* முனையம்: இல்லை.

சிஸ்டம்டி நேரமானியால் இயங்கும் கணினிப் பணிகளுக்கு நடப்பு அடைவு வேர் அடைவாக இருக்கும். ஆகவே கிரானில் இயங்கிய ஒரு பணி சிஸ்டம்டிக்கு மாற்றப்பட்டதும் தவறுவது உண்டு.

சிக்கல் வகைகள்

சார்புப் பாதை

மாணவர் /தரவு அடைவில் இருந்துகொண்டு, "மழை/அரியலூர்/செந்துறை" என்னும் சார்புப் பாதை கொண்ட ஆணைத்தொடரை இயக்கினால் அது கோப்பைக் கண்டடையும். கிரான் அதனை மாணவரின் வீட்டு அடைவிலிருந்து இயக்கும். அங்கு "மழை" என்னும் அடைவு இல்லாததால், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்னும் செய்தி பிறக்கும். எழுதும் பணியானால் நிலை இன்னும் குழப்பமானது. பணி வெற்றியுடன் முடியும். ஆனால் விளைவு வேறோர் அடைவில் எழுதப்பட்டிருக்கும்.

கட்டளை அகப்படாமை

பயனர் பின்னர் நிறுவிய மென்பொருள்கள் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அல்லது வீட்டு அடைவினுள் இருக்கும். கிரானின் குறுகிய பாத் பட்டியலில் இவை இல்லை. இந்நிலையில் ஷெல் 127 என்னும் வெளியேறு எண்ணைத் தரும். கோப்பு இருந்தும் இயக்கும் உரிமை இல்லையெனில் 126 கிடைக்கும். இவ்விரு எண்களை அறிந்திருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும்.

கிரான் அட்டவணையின் தலைப்பில் பாத் மாறியை அமைக்கலாம். ஆயினும் அங்கு மாறிகள் விரித்துரைக்கப்படுவதில்லை. பழைய பட்டியலுடன் ஓர் அடைவைச் சேர்ப்பதாக எண்ணி மாறியின் பெயரை அதன் மதிப்பினுள்ளேயே எழுதினால், அப்பெயர் வெறும் எழுத்துகளாகவே கொள்ளப்படும். முழுப் பட்டியலையும் எழுதவேண்டும்.

ஷெல் வேறுபாடு

உபுண்டு 2006 இலும் டெபியன் 2011 இலும் /பின்/எஸ்எச் என்பதற்கு டாஷ் என்னும் சிறிய ஷெல்லை ஏற்றன. பாஷ் ஷெல்லுக்கே உரிய தொடரமைப்புகள் அதில் இயங்கா. ஆணைத்தொடரின் முதல் வரியில், அதனை இயக்கவேண்டிய ஷெல்லின் முழுப் பாதை தரப்பட்டிருந்தால் இக்குழப்பம் நேராது. அந்த ஆணைத்தொடர் விண்டோசில் திருத்தப்பட்டிருந்தால், வரியிறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துவிடும். அக்குறியும் பாதையின் பகுதியாகக் கொள்ளப்படுவதால், உள்ள ஷெல்லே இல்லை எனச் செய்தி வரும்.

வீட்டு அடைவு

அலைக்குறி (~) பயனரின் வீட்டு அடைவைக் குறிக்கும். முதன்மைப் பயனரான ரூட்டின் அட்டவணைக்குப் பணி மாற்றப்பட்டால், அது ரூட்டின் வீட்டு அடைவைக் குறிக்கத் தொடங்கும். மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால் அலைக்குறி விரித்துரைக்கப்படாது.

விழுக்காட்டுக் குறி

கிரான் அட்டவணையில் விழுக்காட்டுக் குறி (%) வரி முறிவாகக் கொள்ளப்படும். கோப்பின் பெயரில் நாளைச் சேர்க்க இக்குறி தேவைப்படுவதால், "முனையத்தில் இயங்குகிறது, கிரானில் இயங்கவில்லை" என்னும் முறையீட்டிற்கு இது அடிக்கடி காரணமாகிறது. குறிக்கு முன் பின்சாய்கோடு இடவேண்டும். அல்லது நாளைக் கணக்கிடும் பகுதியை ஆணைத்தொடரினுள் வைக்கவேண்டும்.

இணைக்கப்படாத வட்டு

மேசைத்தளம் கொண்ட கணினிகளில் வெளி வட்டு பெரும்பாலும் பயனர் உள்நுழைந்த பின்னரே இணைக்கப்படும். எவரும் உள்நுழையாத இரவில், வட்டு செருகப்பட்டிருந்தாலும் அதன் பாதை இல்லாமல் இருக்கலாம், அல்லது வெற்று அடைவாக இருக்கலாம். பின்னதில் காப்புநகல் கணினியின் சொந்த வட்டிலேயே எழுதப்படும். கணினி பழுதானால் மூலமும் நகலும் ஒன்றாகவே அழியும்.

தமிழ்ப் பெயர்கள் கொண்ட பாதைகள்

லினக்ஸ் கருவுக்குக் கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. சாய்கோடும் சுழியப் பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். எனவே தமிழ்ப் பெயர்களுக்குத் தடையில்லை. ஆயினும் சில தனிச் சிக்கல்கள் உள்ளன.

நீளம்

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகள் கொள்ளும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். "அரியலூர்" 24 பைட்டுகளும் "பெரம்பலூர்" 30 பைட்டுகளும் ஆகும். பரவலாகப் பயன்படும் கோப்பு முறைமைகளில் ஒரு பெயரின் உச்ச அளவு 255 பைட்டுகள் ஆதலால், தமிழில் 85 குறியுருக்களுக்கு மேல் இடமில்லை.

இடைவெளி

"கங்கைகொண்ட சோழபுரம்" என்னும் அடைவுப் பெயரில் இடைவெளி உள்ளது. மேற்கோள் குறி இடாத மாறியின் வழியே இப்பெயர் சென்றால், ஷெல் அதனை இரு பெயர்களாகப் பிரித்துக்கொள்ளும். படிக்கும் பணியில் இது பிழைச்செய்தியோடு முடியும். நீக்கும் பணியிலோ, பாதையின் முதற்பாதி வேறொரு கோப்பின் பெயராக அமைந்தால் அக்கோப்பு அழியும்.

ஒரே தோற்றம், வேறு பைட்டுகள்

ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இருவகையில் எழுதலாம். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியுருவாகவும் இடலாம்; முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என இரு குறியுருக்களாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. "ஜெயங்கொண்டம்" முதல் முறையில் 36 பைட்டுகளும் இரண்டாம் முறையில் 39 பைட்டுகளும் ஆகும். லினக்சின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்கு இவை இரு வேறு பெயர்கள். ஒரே அடைவில் இரண்டும் அருகருகே இருக்கவும் கூடும். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து படியெடுத்த அடைவை, லினக்சில் தட்டச்சிட்ட பாதை கண்டடையாமல் போவது இதனால்தான்.

இத்தகைய பெயர்களை ஒருங்குறி இயல்பாக்கம் மூலம் ஒரே வடிவிற்குக் கொண்டுவரலாம். ஆனால் "ஸ்ரீ" என்னும் எழுத்தை "ஸ", "ஶ" ஆகிய இரு மெய்களில் எதனைக் கொண்டும் எழுதலாம். இவ்விரண்டையும் இயல்பாக்கம் ஒன்றாக்காது. அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தான் போன்ற ஊர்ப் பெயர்களில் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

மொழி அமைப்பு

மொழி அமைப்பு இல்லாத சூழலில் சில நிரல்கள் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே எதிர்பார்க்கும். பைத்தான் 3 இன் முந்தைய பதிப்புகளில் எழுதிய நிரல், முனையத்தில் தமிழ்ப் பெயரை அச்சிட்டு, கிரானில் குறியேற்றப் பிழையுடன் நிற்பது வழக்கமாக இருந்தது. 2018 இல் வெளிவந்த பைத்தான் 3.7 இத்தகைய சூழலில் யூடிஎஃப்-8 ஐத் தானாகத் தெரிந்துகொள்கிறது. வரிசைப்படுத்தலும் மொழி அமைப்பைச் சார்ந்தது. முனையத்தில் ஒரு வரிசையிலும் கிரானில் வேறு வரிசையிலும் வரும் இரு பட்டியல்களை ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடுகள் தோன்றும்.

அடைவு வழி இயங்கும் பணிகள்

டெபியன் வழி வந்த வழங்கல்களில், நாள்தோறும் இயங்கவேண்டிய ஆணைத்தொடர்களை இட ஒரு தனி அடைவு உண்டு. அவ்வடைவை இயக்கும் கருவி, ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவை மட்டும் கொண்ட பெயர்களையே ஏற்கும். "திரட்டு" எனத் தமிழில் பெயரிட்ட கோப்பையும், பெயரில் புள்ளி கொண்ட கோப்பையும் அது எச்சரிக்கையின்றி விட்டுவிடும்.

அடைவுகளை இடம் மாற்றும்போது

பாதையில் வரும் பெயர் காலப்போக்கில் மாறக்கூடியதாயின், அதனைச் சார்ந்த எல்லா ஆணைத்தொடர்களும் பாதிக்கப்படும். இதற்கு இவ்விரு மாவட்டங்களின் வரலாறு பொருத்தமான எடுத்துக்காட்டாகும். 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் அரியலூர் மாவட்டம் உருவானது. 2002 இல் அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. செந்துறையின் மழைப்பதிவை மாவட்டப் பெயரின் கீழ் வைத்திருந்தால், பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் பாதை நான்கு முறை மாறியிருக்கும். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது.

இத்தகைய மாற்றத்தின்போது பழைய பாதையில் ஒரு குறியீட்டு இணைப்பை விட்டுவைப்பது வழக்கம். "பெரம்பலூர்/செந்துறை" எனத் தேடுபவரை அது "அரியலூர்/செந்துறை" அடைவிற்கு அனுப்பும். படிக்கும் ஆணைத்தொடர்கள் இதனால் தொடர்ந்து இயங்கும். காப்புநகல் எடுக்கும் டார் கட்டளையோ, குறியீட்டு இணைப்பை இணைப்பாகவே சேமிக்கும். அது சுட்டும் கோப்புகளைத் தானாகச் சேமிக்காது. பெரம்பலூர் அடைவை மட்டும் காப்புநகல் எடுக்கும் பழைய பணி பிழையின்றி முடியும். நகலினுள் செந்துறையின் பெயர் இருக்கும், பதிவுகள் இருக்கா.

மாறாத ஊர்ப் பெயரைப் பாதையிலும், மாறக்கூடிய மாவட்டப் பெயரைத் தனிப் பட்டியல் ஒன்றிலும் வைப்பது இச்சிக்கலைத் தவிர்க்கும். /தரவு/மழை/செந்துறை என்னும் பாதை எந்த மாவட்டப் பிரிப்பாலும் மாறாது.

கண்டறியும் முறை

கீழ்க்காணும் வரிசையில் ஆராய்ந்தால் பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்படும்.

1. பணி இயங்கியதா எனப் பார்த்தல். கிரான் தான் தொடங்கும் ஒவ்வொரு பணியையும் கணினியின் பதிவேட்டில் குறிக்கும். பதிவு இல்லையெனில் அட்டவணையிலோ கோப்பின் பெயரிலோ பிழை உள்ளது. சில கணினிகளில் அட்டவணையின் கடைசி வரி, வரி முறிவின்றி முடிந்தாலும் அது ஏற்கப்படாது.

2. பிழைச்செய்தியைச் சேமித்தல். கிரான் பணியின் வெளியீட்டை அக்கணினியின் அஞ்சலுக்கு அனுப்பும். அஞ்சல் அமைக்கப்படாத கணினியில் அது தொலைந்துபோகும். எனவே அட்டவணை வரியில் வெளியீட்டையும் பிழையையும் ஒரு கோப்பிற்குத் திருப்பவேண்டும்:

30 2 * * * /தரவு/கருவிகள்/திரட்டு >> /தரவு/பதிவேடு/திரட்டு 2>&1

3. சூழலை எழுதச் செய்தல். ஒரே ஒரு முறை, நடப்பு அடைவையும் (பிடபிள்யூடி கட்டளை) சூழல் மாறிகளையும் (என்வ் கட்டளை) ஒரு கோப்பில் எழுதுமாறு கிரான் பணி ஒன்றை அமைக்கவேண்டும். முனையத்தில் பெற்ற பட்டியலுடன் அதனை ஒப்பிட்டால், எது இல்லை என்பது தெரியும்.

4. வெற்றுச் சூழலில் இயக்குதல். என்வ் கட்டளை, எல்லா மாறிகளையும் அகற்றிவிட்டு ஒரு நிரலை இயக்கும் வசதி கொண்டது. வேர் அடைவிற்குச் சென்று, வெற்றுச் சூழலில் ஆணைத்தொடரை இயக்கிப் பார்த்தால், அதிகாலை வரை காத்திராமல் பிழையைக் காணலாம்.

5. வெளியேறு எண்ணைப் பார்த்தல். 126, 127 ஆகியவற்றின் பொருள் மேலே கூறப்பட்டது.

6. பைட்டுகளைப் பார்த்தல். பெயர் சரியாகத் தோன்றியும் கோப்பு அகப்படவில்லையெனில், அடைவின் பட்டியலை ஓடி கட்டளையின் வழியே பைட்டுகளாகக் காணவேண்டும். ஒகரக் குறி வேறுபாடும் விண்டோசின் வரியிறுதிக் குறியும் இதில் வெளிப்படும்.

தடுக்கும் முறைகள்

* கோப்புகளுக்கும் வழக்கமான இடத்தில் இல்லாத கட்டளைகளுக்கும் முழுப் பாதை தருதல்.
* ஆணைத்தொடரின் தொடக்கத்திலேயே உரிய அடைவிற்குச் செல்லுதல். செல்ல இயலாவிடில் அங்கேயே நிறுத்துதல். இல்லையெனில் அடுத்துவரும் கட்டளைகள் தவறான அடைவில் இயங்கும்.
* மொழி அமைப்பையும் பாத் மாறியையும் ஆணைத்தொடரினுள்ளேயே வரையறுத்தல்.
* பாதைகளைத் தாங்கும் மாறிகளை எப்போதும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுதல்.
* வரையறுக்கப்படாத மாறி வந்தால் நிறுத்துமாறு ஷெல்லுக்கு ஆணையிடுதல். வெறுமையான மாறியை அடுத்துச் சாய்கோடு வந்தால் அது வேர் அடைவாகிவிடும் என்பதால், நீக்கும் பணிகளில் இது இன்றியமையாதது.
* எழுதும் முன் வட்டு இணைக்கப்பட்டுள்ளதா எனச் சோதித்தல்.
* பணி முடிந்ததும் விளைவைச் சோதித்தல். கோப்பு உள்ளதா, இன்றைய நாளுடையதா, அளவு சுழியமா என்பவற்றைப் பார்த்து, தவறினால் வேறு வழியில் அறிவித்தல்.
* காப்புநகலிலிருந்து கோப்புகளை அவ்வப்போது மீட்டுப் பார்த்தல்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

கிட்லேப், 2017

நிரல் சேமிப்புத் தளமான கிட்லேப்பில் 2017 சனவரி 31 அன்று, பொறியாளர் ஒருவர் துணை வழங்கி என எண்ணி முதன்மை வழங்கியின் தரவுத்தள அடைவை நீக்கிவிட்டார். காப்புநகலைத் தேடியபோது சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. நாள்தோறும் காப்புநகல் எடுக்கவேண்டிய பணி, தரவுத்தளத்தின் பதிப்பை அதன் தரவு அடைவிலுள்ள ஒரு கோப்பிலிருந்து அறியுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அப்பணி இயங்கிய வழங்கியில் அந்த அடைவே இல்லை. எனவே அது பழைய 9.2 பதிப்புக்குரிய கருவியைத் தேர்ந்தெடுத்தது. தரவுத்தளமோ 9.6 பதிப்பு, ஒவ்வொரு நாளும் பணி தவறியது. தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சரிபார்ப்பு அமைப்பில் இருந்த குறையால் ஏற்கப்படாமல் போயின. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் வேறு நோக்கத்திற்காக எடுக்கப்பட்ட ஒரு நகலிலிருந்தே தளம் மீட்கப்பட்டது. அந்நிறுவனம் இந்நிகழ்வை முழுமையாக வெளியிட்டதால் இது பாடமாகப் பயிலப்படுகிறது.

கியோத்தோ பல்கலைக்கழகம், 2021

சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீக்கணினியில், 10 நாள்களுக்கு மேற்பட்ட பதிவேட்டுக் கோப்புகளை நீக்கவேண்டிய ஓர் ஆணைத்தொடர், 2021 திசம்பர் 14 முதல் 16 வரை ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கியது. ஆணைத்தொடர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பு எழுதப்பட்டது. ஷெல் நடுவிலிருந்து புதிய பதிப்பைப் படிக்கத் தொடங்கியதால், நீக்கவேண்டிய அடைவின் பாதையைத் தாங்கும் மாறி வரையறுக்கப்படாமல் இருந்தது. 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 3.4 கோடி கோப்புகள், ஏறத்தாழ 77 டெராபைட்டு, அழிந்தன. அவற்றுள் 4 குழுக்களின் தரவைக் காப்புநகலிலிருந்தும் மீட்க இயலவில்லை.

முதல் நிகழ்வில் இல்லாத பாதையும் இரண்டாவதில் வெறுமையான பாதையும் காரணங்கள். இரண்டிலும் ஆணைத்தொடர்கள் தமக்குத் தேவையான பாதை உள்ளதா எனச் சோதிக்காமல் தொடர்ந்தன.

இவற்றையும் பார்க்க

* யூனிக்ஸ்
* ஷெல்
* சூழல் மாறி
* காப்புநகல்
* தமிழ் ஒருங்குறி
* பாஸ் லினக்ஸ்
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்